எங்கள் வீட்டுக் கணினியைச் சீராக்கிய மூன்று வாரங்கள்

பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், செம்பனைக் காட்டை ஒட்டிய ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) எங்கள் வீடு இருக்கிறது. தோட்டத்து லயங்கள் இடிக்கப்பட்டபோது வெளியேறி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. முன்னறையில் 2017இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று உள்ளது. மாலையில் நான் நடத்தும் டியூஷன் வகுப்புக்கான பயிற்சித்தாள்கள், என் கணவர் பொருளாளராக இருக்கும் கோயிலின் கணக்கு, எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் மகனின் பாடங்கள் ஆகிய எல்லாம் அதில்தான் இருந்தன. இவற்றைவிட முக்கியமாக, தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த என் அப்பா எடுத்து, பிறகு தம்பி ஸ்கேன் செய்து வைத்த 1,400 படங்களும் அதிலேயே இருந்தன. ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை, லயத்து வாசல், தீமிதித் திருவிழா என்று அந்தப் படங்களில் இருக்கும் பெரும்பாலான இடங்கள் இன்று கிடையாது. கணினியைப் பற்றி நான் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டதற்கு அந்தப் படங்களே காரணம்.

2025 செப்டம்பர் கடைசி வாரத்தில் ஓர் இரவு, திரையின் வலது கீழ் மூலையில் உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன என்ற சிவப்பு அறிவிப்பு அடுத்தடுத்து எழத் தொடங்கியது. அதை அழுத்தியதும் திரை முழுவதையும் மறைத்து ஒரு பக்கம் வந்து நின்றது. அதில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. "இந்த நம்பருக்கு அடித்துக் கேட்கட்டுமா?" என்று கணவர் கைப்பேசியை எடுத்துவிட்டார். நான் தடுத்தேன். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட எண்ணை அழைத்தால், மறுமுனையில் இருப்பவர் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரல் ஒன்றை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கு வரைக்கும் வந்துவிடுவார். யாராவது ஏற்கெனவே அழைத்துப் பணத்தையும் இழந்திருந்தால், உடனடியாகத் தம் வங்கியையோ, 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் அதை முடக்க முடிந்தால்தான் உண்டு என்பதால், அந்த வேளையில் வெட்கத்துக்கும் தயக்கத்துக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

கணினியின் பின்புறத்திலிருந்து இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு அன்று தூங்கப் போனோம். அந்த அறிவிப்புகள் எங்கிருந்து வந்தன என்பதை மறுநாள் கண்டுபிடித்தேன். உலாவியின் அமைப்புகளில், அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். எங்கள் பட்டியலில் 23 தளங்கள் இருந்தன. அவற்றில் எனக்குத் தெரிந்தவை இரண்டுதான். 'நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்துங்கள்' என்று ஏதோ ஒரு பக்கம் கேட்க, வீட்டில் யாரோ அழுத்தியிருக்கிறார்கள். அந்தத் தளங்களை நீக்கியதும் சிவப்பு அறிவிப்பு நின்றது. அத்துடன் வேலை முடிந்ததென்று எழுந்திருந்தால் உண்மையான கேட்டை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டரைக் கொண்டு முழுச் சோதனை செய்ய எண்ணி அதைத் திறந்தேன். சோதனை ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, எந்தத் தொல்லையும் இல்லை என்று பச்சைக் குறி காட்டியது. இவ்வளவு கோப்புகள் உள்ள பழைய கணினியில் அது நடக்காத காரியம். அமைப்புகளுக்குள் தேடிக்கொண்டே போனபோது, சோதிக்க வேண்டாதவை என்ற விதிவிலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்ததைக் கண்டேன். காவலாளியை வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் எந்த அறையையும் பார்க்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்ததைப் போன்ற நிலை அது.

இதைச் செய்தது யார் என்பதும் பிறகு விளங்கியது. 2020இல் கணினி இயங்காமல் போனபோது பக்கத்துப் பட்டணத்தில் ஒரு கடையில் கொடுத்துப் பழுதுபார்த்தோம். கணினியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின்படி நாங்கள் விலை கொடுத்து வாங்கியது விண்டோஸ் 10 ஹோம். கடையில் திருப்பிக் கொடுத்தபோது அதில் இருந்தது விண்டோஸ் 10 புரோ. உரிமம் இல்லாத அந்தப் பதிப்பை இயக்க ஒரு திருட்டு நிரலைப் போட்டு, டிஃபெண்டர் அதைப் பிடித்துவிடாதபடி டிரைவ் முழுவதையும் விலக்கியிருக்கிறார்கள். எங்களிடம் முறையான உரிமம் இருந்தும் ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பின்றி இருந்தோம் என்பதை நினைக்க எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பழுதுபார்த்து வாங்கிய கணினி எதுவானாலும், அந்த விதிவிலக்குப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள் என்று என் மாணவர்களின் பெற்றோரிடம் இப்போது சொல்லி வருகிறேன்.

ஐந்து ஆண்டுகள் திறந்து கிடந்த கணினியில் என்னென்ன புகுந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தேடி நீக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாக விண்டோஸ் நிறுவுவதே சரி என்று முடிவு செய்தேன். ஆனால் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுக்காமல் எதிலும் கை வைப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தேன். அது நல்லதாகப் போயிற்று. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் வன்தட்டின் நிலையை மஞ்சள் நிறத்தில் காட்டியது. தட்டின் சில பகுதிகள் படிக்க முடியாதவையாகிக்கொண்டிருந்தன என்பது அதன் பொருள். வெளி வன்தட்டு ஒன்றை வாங்கி வந்து முதல் இரவு நகலெடுத்தபோது 11 படங்கள் நகல் ஆகவில்லை. ஒவ்வொன்றின் பெயரையும் தாளில் குறித்துக்கொண்டு, கணினியை அணைத்து ஆறவிட்டு, அவற்றை மட்டும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தேன். எட்டு வந்தன. வராமல் போன மூன்றில் ஒன்று, காலையில் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அம்மா பால்வாளியோடு நிற்கும் படம். அதன் அச்சுப் பிரதி தம்பியிடம் இருந்ததால் மீண்டும் ஸ்கேன் செய்துகொண்டோம்.

நிரல்கள் எதையும் நகலெடுக்கவில்லை. படம், ஆவணம், கணக்கு விரிதாள் ஆகியவற்றை மட்டுமே எடுத்தேன். ஆனால் எழுத்துருக் கோப்புறையைத் தனியாக எடுத்து வைத்தேன். கோயில் கூட்டக் குறிப்புகளை அப்பா பல ஆண்டுகள் கணினியில் தமிழிலேயே எழுதி வந்தார். நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சு நிரலான முரசு அஞ்சலைக் கொண்டு, இன்று பொதுவாகப் பயன்படும் எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய திஸ்கிக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்த கோப்புகள் அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகள் கலந்த கிறுக்கல்தான் தெரியும். பழைய தமிழ்க் கோப்பு வைத்திருப்போர் பலர் அதைப் பழுதென்று எண்ணி அழித்துவிடுகிறார்கள். எழுத்துரு கையில் இருந்ததால் அவற்றைப் படித்துச் சரிபார்த்து, யூனிகோடுக்கு மாற்றிச் சேமிக்க முடிந்தது. இந்த வேலை மட்டும் நான்கு மாலைகளை எடுத்துக்கொண்டது.

பிறகு கணினிப் பெட்டியை வீட்டு முன்புற நடையான ஐந்தடிக்குத் தூக்கிச் சென்று திறந்தோம். செம்மண் தூசி விசிறியின் இறகுகளில் படலமாகப் படிந்திருந்தது. கணினிக்கு மின்சாரம் வழங்கும் மின்பகுதியின் ஓரத்தில் எறும்புகள் முட்டையிட்டிருந்தன. காற்றை ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தம்பி சொல்லிக் கொடுத்தான். மின்பகுதியை நாங்கள் திறக்கவில்லை. மின் இணைப்பைத் துண்டித்த பின்பும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால் வெளியிலிருந்து மட்டுமே ஊதினோம். தாய்ப்பலகையில் இருந்த காசு வடிவ மின்கலத்தையும், சிஆர் 2032 என்று கடைகளில் கிடைப்பது, மாற்றினோம். சிறிய பொருள்தான் என்றாலும் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த மின்கலம் தீர்ந்துபோனால், மின்சாரம் தடைப்படும்போதெல்லாம் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறினால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி எச்சரிக்கும். எங்கள் வீட்டில் அந்த எச்சரிக்கை அடிக்கடி வந்ததால், அதைப் படிக்காமலே தாண்டிச் செல்ல எல்லாரும் பழகியிருந்தோம். உண்மையிலேயே போலியான தளம் ஒன்று வந்திருந்தாலும் அதே வேகத்தில் தாண்டியிருப்போம்.

பழைய வன்தட்டைக் கழற்றி உறையில் போட்டு வைத்துவிட்டு, அதன் இடத்தில், சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றை, 500 ஜிபி கொண்டது, பொருத்தினோம். நினைவகத்தை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கினோம். மைக்ரோசாஃப்டின் நிறுவல் கருவியைத் தம்பியின் மடிக்கணினியில் பதிவிறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் தயாரித்தோம். நிறுவும்போது உரிம எண் எதையும் நான் தட்டச்சு செய்யவில்லை. தொழிற்சாலையிலேயே தாய்ப்பலகையில் பதிந்திருந்த எண்ணை அதுவே படித்து, ஹோம் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, இணையம் கிடைத்ததும் செயல்பட வைத்துக்கொண்டது. முன்பு தொடங்கி முடிக்க ஐந்தாறு நிமிடம் ஆன கணினி அரை நிமிடத்துக்குள் தயாராகிவிட்டது. வேகம் குறைந்த பழைய கணினிக்கு எஸ்எஸ்டியைப் போலப் பயன் தரும் மாற்றம் வேறில்லை.

அடுத்த சிக்கல் நாள்காட்டியில் இருந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் பொதுவாகக் குறைந்தது எட்டாம் தலைமுறைச் செயலி (கணினியின் மூளையான சில்லு) வேண்டும். எங்களுடையது ஏழாம் தலைமுறை. அந்தத் தடையை ஏமாற்றி நிறுவும் வழிகளை மகன் காட்டினான். ஏற்கெனவே ஒரு குறுக்கு வழியால் பட்டது போதும் என்று மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தோம். 30 அமெரிக்க டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அதில் சேமித்துவைக்க ஒப்புக்கொண்டால் கட்டணமில்லை. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம்.

ஒரு திருத்தத்துக்காக இவ்வளவு பாடா என்று கணவர் கேட்டார். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாக்ரை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட நிரல். அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்களாகத் திருத்தத்தைப் போடாமல் விட்ட கணினிகள்தாம் பெரும்பாலும் மாட்டின. இதைச் சொன்ன பிறகு, 'புதுப்பித்து மறுதொடக்கம்' என்ற செய்தியை அவர் தள்ளிப்போடுவதில்லை.

கணக்குகளைப் பிரித்ததுதான் வீட்டில் சற்று மனத்தாங்கலை உண்டாக்கியது. முன்பு எல்லாருக்கும் ஒரே கணக்கு, அதுவும் நிர்வாகி உரிமையோடு. இப்போது நிர்வாகிக் கணக்கை அன்றாட வேலைக்கு யாரும் பயன்படுத்துவதில்லை, நான் உட்பட. மூவருக்கும் சாதாரணக் கணக்குகள். புதிய நிரல் எதையாவது நிறுவ முயன்றால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். ஒரு விளையாட்டுக்கான நிரலைப் போட முடியவில்லை என்று மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அவனோடு உட்கார்ந்து, அது எங்கிருந்து வருகிறது, யார் வெளியிட்டது என்று இருவரும் தேடினோம். வெளியிட்டவரின் பெயரே கிடைக்கவில்லை. அவனே வேண்டாம் என்றான். இந்தப் பிரிவினை எல்லாவற்றையும் தடுக்காது. பயனரின் கோப்புறைக்குள்ளேயே அமர்ந்துகொள்ளும் நிரல்களும் உலாவி நீட்டிப்புகளும் உண்டு. ஆனால் டிஃபெண்டரை முடக்குவது போன்ற பெரிய கேடுகளுக்கு இனி கடவுச்சொல் வேண்டும்.

வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் பழைய கணினியில் மாற்றவில்லை. முதல் நாளே கைப்பேசியில் மாற்றினேன். சந்தேகத்துக்குரிய கணினியில் புதிய கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால், அதையும் சேர்த்துக் கொடுப்பதாகிவிடும். இப்போது பிட்வார்டன் என்ற நிரல் ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்கிறது. அதைத் திறக்கும் ஒரே நீண்ட சொற்றொடர் மட்டும் என் மனத்தில் இருக்கிறது. இணைய மோடத்தின் அடியில் அச்சிட்டிருந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றினோம்.

வெளி வன்தட்டுகள் இப்போது இரண்டு. ஒன்று வீட்டில், மற்றொன்று கோலசிலாங்கூரில் தம்பி வீட்டில். மாதம் ஒருமுறை அவனைப் பார்க்கப் போகும்போது மாற்றிக்கொள்கிறோம். நகலெடுத்து முடிந்ததும் வன்தட்டைக் கழற்றிவிடுவேன். கணினியோடு இணைந்தே இருந்தால், கோப்புகளைப் பூட்டும் நிரல் அதையும் சேர்த்துப் பூட்டும். கழற்றுவதற்கு இங்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்டோபரில் மாலைதோறும் இடி. ஒளியிழை வழியே மின்னல் வராது என்றாலும், மோடத்தின் மின்கம்பி வழியாகவும் அங்கிருந்து கணினிக்கு வரும் செப்புக் கம்பி வழியாகவும் வரும். வானம் கறுத்ததும் இரண்டு பிளக்குகளையும் உருவுவது மகனின் பொறுப்பு.

2026 அக்டோபருக்குப் பிறகு என்ன செய்வது என்பதற்காக, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டைக் கணினியில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இரண்டு முறை இயக்கிப் பார்த்திருக்கிறேன். அச்சுப்பொறி உடனே வேலை செய்தது. கோயில் கணக்கு லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக நிரலில் திறந்தது. இரண்டு பத்திகளின் கூட்டல் சூத்திரங்களை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. அப்பாவின் கூட்டக் குறிப்புகள், யூனிகோடுக்கு மாற்றியவை, ஓர் எழுத்தும் பிசகாமல் தெரிந்தன. மகனின் பள்ளிப் பாடத்துக்கான ஒரு நிரல் மட்டும் இன்னும் அதில் ஓடவில்லை. அவன் தேர்வு முடியும் வரை விண்டோஸிலேயே இருக்கப் போகிறோம்.