லேபிளின் மூலையில் மால்டோஸ்

மருத்துவமனை மருந்தாளுநராகச் சேர்ந்த புதிதில், சிரை வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலினை நான் சற்று அலட்சியமாகவே பார்த்தேன். ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்த நோய் எதிர்ப்புப் புரதம்தானே, இது எந்த மாத்திரையோடு மோதப்போகிறது? சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்துகள் கூடவே இருக்கின்றனவா என்று பார்ப்பேன், அத்தோடு சரி.

ஒருநாள் வார்டிலிருந்து சிஸ்டர் அழைத்தார். "சார், சர்க்கரை 260 காட்டுகிறது. இன்னொரு முறை இன்சுலின் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நோயாளிக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது."

அவருக்கு ஏற்றிய இம்யூனோகுளோபுலின் புட்டியின் லேபிளை முழுவதும் படிக்கச் சொன்னேன். புரதம் கெடாமல் காக்கச் சேர்த்திருந்த பொருள் மால்டோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரை. அந்த வார்டில் இருந்ததோ மால்டோஸையும் குளுக்கோஸாகவே எண்ணிவிடும் பழைய வகை ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைப் பட்டை. ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டு மருத்துவரை அழைத்தேன். அவர் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் குளுக்கோஸ் ஏற்றினார். பிறகு வந்த முடிவு 58. காலையில் போட்ட இன்சுலினும் அதே கருவியை நம்பிப் போட்டதுதான்.

அன்றிலிருந்து "வேறென்ன மருந்து எடுக்கிறார்?" என்பதோடு "என்னென்ன பரிசோதனை செய்யப்போகிறீர்கள்?" என்றும் கேட்கிறேன். தொல்லைக்காரன் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

உறங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைத் தட்டியெழுப்பக்கூடிய ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைத் தொடங்கவிருந்த ஒரு பெண்ணுக்கு ஹெபடைடிஸ் பி எதிர்ப்புரதம் பாசிட்டிவ் என்று வந்து, குடும்பமே கலங்கிப்போனது. பத்து நாள் முன்பு அவருக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தார்கள். கொடையாளர் யாருடைய பழைய தொற்றின் சுவடோ அவர் ரத்தத்தில் இருந்திருக்கிறது. சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தம் ஆய்வகத்தில் மிச்சமிருந்தது நல்லதாயிற்று; அது நெகட்டிவ். வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் சோதனையும் நெகட்டிவ். ஏற்றுவதற்கு முன்பே ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைக்காதவர்களிடம் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஏ, பி, ஏபி ரத்தப் பிரிவினருக்கு அதிக அளவில் ஏற்றினால் சிவப்பணுக்கள் சிதையலாம் என்பதால் ஹீமோகுளோபினையும் கவனிக்கச் சொல்வேன். சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் ஈஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு இந்த மருந்தாலேயே ஏறிவிடும். அதைக் கொண்டு அழற்சியை அளக்க வேண்டாம் என்பேன்.

சென்ற மாதம், ரத்த நாளங்களில் அழற்சி உண்டாக்கும் கவாசாகி நோயிலிருந்து மீண்ட குழந்தை ஒன்று வீட்டுக்குக் கிளம்பியது. உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்ததால், தட்டம்மைத் தடுப்பூசியை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். முன்னதாகப் போட்டால், கடன்வாங்கிய எதிர்ப்புரதமே தடுப்பூசி வைரஸை முடக்கிவிடும். தேதியைக் குறித்துக் கொடுத்தேன். தாயார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்படியானால் போலியோ சொட்டு மருந்தும் கூடாதா சார்?"

"அதற்குத் தடையில்லை அம்மா."

அதையும் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.