ஆயா வீட்டு மண்ணில் மழையைத் தேடியது

வடசென்னை எர்ணாவூரில் ஆயா வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். சின்ன வயதில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டே ஓடுவோம். கருமணல் முள்ளுமுள்ளாக ஒட்டிக்கொண்டு வரும். அதில் இருந்தது மேக்னடைட் என்று நிலவியல் படிக்கப் போனபிறகுதான் தெரிந்தது. அதே கனிமம் பழங்காலத்து மழைக்கும் கணக்கு வைத்திருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மண் நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும்போது அதிலுள்ள இரும்பு மிக நுண்ணிய மேக்னடைட், அதைப் போலவே காந்தத்தில் ஒட்டும் மேக்ஹமைட் துகள்களாக மாறுகிறது. மழை செழித்த காலத்து மண்ணில் இவை அதிகம், வறண்ட காலத்தில் குறைவு. கொஞ்சம் மண்ணை டப்பியில் அடைத்து, மெல்லிய காந்தப்புலத்தில் வைத்து, அது எவ்வளவு காந்தமாகிறது என்று அளக்கலாம். இதைக் காந்த ஏற்புத்திறன் என்கிறோம். சீனாவின் லோயஸ் பீடபூமியில் காற்று கொட்டிய புழுதி சுமார் 25 லட்சம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகக் கிடக்கிறது. பனியுகத்தின் மஞ்சள் புழுதியில் அளவு குறைவு. நடுநடுவே வரும் செம்மண்ணில் கூடுதல், அதெல்லாம் பருவமழை வலுத்த காலம். 1980களில் ஹெல்லர், லியூ துங்ஷெங் என்ற ஆய்வாளர்கள் அந்தப் பீடபூமியின் லுவோச்சுவானில் அளந்த ஏற்ற இறக்கம், ஆழ்கடல் படிவுகள் சொன்ன பனியுகக் கணக்கோடு பொருந்தியது.

சரி, நம் ஊர் மண் என்ன சொல்லும்? ஆயா வீட்டுக் கொல்லையில் குழி தோண்டினேன். மேல் மண்ணில் அளவு எகிறியது. நல்ல மழைக்காலம் என்று துள்ளினேன். அப்புறம் காந்தப்புலத்தின் அதிர்வெண்ணை மாற்றி இரண்டு முறை அளந்து பார்த்தேன். மழையில் பிறந்த நுண்துகள் என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியவே இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் கடுகு மாதிரி உருண்டை உருண்டையாக இரும்புத் துகள்கள். நிலக்கரி எரித்த சாம்பல். மாடியில் காயும் வடகத்தின்மேல் ஆயா தினமும் தட்டிவிடும் அதே சாம்பல்.

கீழே போனால் தண்ணீர் தேங்கிய களிமண். நீரில் ஊறிக் காற்றுப் படாமல் கிடந்தால் மேக்னடைட் கரைந்துபோகும். அங்கே அளவு குறைந்திருப்பதை வறட்சி என்று படிக்கக் கூடாது.

"எங்க ஊட்டு மண்ணுல மழையே இல்லியா?" என்று ஆயா கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு அது வலிக்கிறது. பொங்கல் முடிந்ததும் கொசஸ்தலையாற்றோடு மேலே, பூண்டிப் பக்கம் போகிறேன். தண்ணீர் தேங்காத, ஏர் படாத மேட்டு மண்ணாகப் பார்த்து அங்கே தோண்ட வேண்டும்.