டாக்ஸியை நிறுத்திய பிறகு

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். எலிக் கருவிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை, உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாகத் திருப்ப வேண்டும். 2006-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் யமனாக்காவும் தகஹாஷியும் செய்துகாட்டியதுதான். 24 மரபணுக்களில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கழித்து நான்கில் வந்து நின்றார்கள்: ஆக்ட்4, சாக்ஸ்2, கே.எல்.எஃப்4, சி-மிக். நான்கும் படியெடுப்புக் காரணிகள். அதாவது டிஎன்ஏவில் போய் அமர்ந்து, எந்த மரபணு இயங்கலாம், எது அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்கள். செய்முறை ஊரறிந்தது, நமக்கு மட்டும் வராதா என்ன என்று இறங்கிவிட்டேன்.

வைரஸ் மூலம் நான்கையும் செல்லுக்குள் ஏற்றினோம். டாக்ஸிசைக்ளின் (எங்கள் பேச்சில் டாக்ஸி) என்ற மருந்தை ஊற்றினால் அவை இயங்கும், நிறுத்தினால் ஓயும். முதல் வாரத்திலேயே நீண்டு கிடந்த செல்கள் உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. பத்தாம் நாள் சின்னச் சின்ன காலனிகள், அதாவது செல் கூட்டங்கள். ஸ்டெம் செல்லை அடையாளம் காட்டும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் சாயம் ஏற்றிய தட்டு சிவப்பாக நிறைந்திருந்தது. அதைப் படமெடுத்து எல்லோரிடமும் காட்டினேன். அப்புறம் பக்கத்துத் தட்டில் டாக்ஸியை நிறுத்தினேன். நான்கே நாளில் ஒரு காலனி மிச்சமில்லை, எல்லாம் தட்டையாகிக் கலைந்துவிட்டன.

அந்தச் சாயம் பாதி வழி வந்த செல்லிலும் பிடிக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நாம் வெளியிலிருந்து கொடுப்பது தள்ளிவிடும் விசை மட்டும்தான். செல் தன் சொந்த ஆக்ட்4, சாக்ஸ்2, அவற்றோடு நானாக் என்ற இன்னொரு ஸ்டெம் செல் மரபணு, இவற்றைத் திறந்தாக வேண்டும். திறந்துவிட்டால் அவை ஒன்றையொன்று தூண்டி, தங்களையும் தூண்டிக்கொண்டு நிற்கும், நம் தயவு தேவையில்லை. கருவில் பன்முகத்திறன், அதாவது எந்தச் செல்லாகவும் மாறும் திறன், நிற்பதும் இந்தப் பிணைப்பில்தான். எலிக் கருவில் ஆக்ட்4 இல்லாவிட்டால், உடலாக வளர வேண்டிய உட்செல் திரள் நஞ்சுக்கொடிப் பக்கத்துச் செல்லாகப் போய்விடும். கூடினாலும் வம்புதான்: ஸ்டெம் செல்லில் அதன் அளவு இரு மடங்குக்கும் குறைவாக ஏறினாலே வேறு வகைச் செல்லாக மாறத் தொடங்கும் என்று 2000-இலேயே காட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் தேர்வுக்குப் படித்தவன்தான் நான்.

இரண்டாம் முறை, நானாக்கோடு பச்சை ஒளிரும் புரதத்தைக் கோத்த எலியின் செல்களை எடுத்தேன்; செல்லின் சொந்த நானாக் திறந்தால்தான் பச்சை தெரியும். அதிக முறை பிரிந்து பெருகியிராத இளம் செல்கள், அடர்த்தி குறைவு. டாக்ஸி, செல் வளரும் ஊட்டத் திரவத்தில் சீக்கிரம் வலுவிழக்கும், வெளிச்சமும் ஆகாது. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் புதிதாகக் கலந்து ஊற்றினேன். மற்றபடி காத்திருப்புதான், அதுதான் கஷ்டமே. பதினாறாம் நாள் முதல் பச்சைப் புள்ளி தெரிந்தது. 50,000 செல்கள் போட்டதில் பச்சைக் காலனி பதினொன்று. ஒரு சதவீதத்தை எட்டாததுதான் இங்கே வழக்கம் என்பதால் யாரும் வருத்தப்படவில்லை.

பைப்பெட் நுனியால் காலனி எடுக்கும்போது கை நடுங்கி இரண்டு போயின. ஒன்பதில் ஆறு வளர்ந்தன. டாக்ஸியை நிறுத்தினேன். தினமும் இரண்டு முறை நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தேன். ஆறும் பச்சையாகவே நின்றன.

ஸ்டெம் செல்லை ஸ்டெம் செல்லாகவே வைத்திருக்கும் எல்.ஐ.எஃப் என்ற புரதத்தை எடுத்துவிட்டு உருண்டைகளாக வளரவிட்டபோது, ஒரு மூலையில் செல்கள் துடித்தன, இதயச் செல் போல. உடனே பரிசோதனைக் கூடத்தில் கூட்டம் கூடிவிட்டது. சரி, குரோமோசோம் எண்ணிக்கை பாக்கி இருக்கிறதே என்று அதையும் பார்த்தேன். எலிக்கு 40 இருக்க வேண்டும், அந்த ஆறு காலனிகளிலிருந்து வளர்ந்த செல் வரிசைகளில் இரண்டில் 41. அவற்றை ஒதுக்கிவிட்டு, மற்ற நான்கையும் திரவ நைட்ரஜனில் இறக்கினேன்.