பெட்ரோலா, கரண்டா: கீழக்கரையிலிருந்து அரிச்சல்முனை வரை

கோடி ரூபாய் வண்டியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றுமில்லை. நான் ஓட்டுவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னக் கார். வாங்கப் போகிறவர் கீழக்கரைக் காக்கா; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துபாயில் வருடக்கணக்கில் வியாபாரம் பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். அங்கே பெரிய எஸ்யூவிகளை ஓட்டிப் பழகிய கை. "நீதான் தம்பி எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பே, வா" என்று பரமக்குடியிலிருந்த என்னைக் கூப்பிட்டுவிட்டார். காரில் சும்மா உட்கார்ந்து கடற்கரையைச் சுற்றலாம், மதியம் மீனும் உண்டு. போகாமல் இருப்பேனா?

இரண்டு வண்டிகள் இரவலாகக் கிடைத்தன. ஒன்று காக்காவின் மச்சானுடைய பெட்ரோல் எஸ்யூவி, மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர். இன்னொன்று மதுரை நண்பர் ஒருவர் கொடுத்த மின்சார எஸ்யூவி, நூறு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கிற பேட்டரி. ஷோரூமில் தருகிற டெஸ்ட் டிரைவ் நல்ல ரோட்டில் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். உப்புக்காற்று, மணல், கருவேல முள் எதுவும் அதில் வராது. அதனால் கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம், பாம்பன், ராமேஸ்வரம் வழியாக, தனுஷ்கோடியைத் தாண்டி இருக்கும் அரிச்சல்முனை போய்த் திரும்புவது என்று முடிவானது. போக மட்டும் ஏறத்தாழ 95 கி.மீ.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் பாதிப் பேர் மனம் மாறுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். மின்காருக்கு 5 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம் என்று 2023-இல் உயர்த்தினார்கள். கோடி ரூபாய் வண்டிக்கு அதுவே 20 லட்சம். மின்காருக்கு அந்த வரியில் விலக்கு உண்டு. ஆனால் விலக்கு காலக்கெடுவோடு வருவது, வாங்குகிற அன்றைக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கம், சொகுசு மின்கார்களில் பல முழு வண்டியாக இறக்குமதியாகிறவை. சுங்க வரி சேர்ந்து அடிப்படை விலையே ஏறிவிடுகிறது. பெட்ரோல், டீசலில் வரும் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 நம் செங்கல்பட்டுப் பக்கம் சிங்கப்பெருமாள் கோவிலில் கோர்க்கப்படுகிற வண்டி. அதனால் வரியில் தெரிகிற அளவு வித்தியாசம் கடைசி பில்லில் இருக்காது. பழைய வண்டியாக விற்கும்போது மின்காருக்கு அடி அதிகம் என்பதையும் மச்சான் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பெட்ரோல் கட்சி.

கீழக்கரைத் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு மீட்டர் அகல வண்டியை உள்ளே விட்டால் எதிரே வருகிற ஆட்டோவுக்கு வழியில்லை. காக்கா எதை வாங்கினாலும் அது ஊருக்கு வெளியே இருக்கும் அவருடைய தோட்டத்து வீட்டில்தான் நிற்கும். மின்காரை முதல் நாள் இரவு அங்கே கொண்டுபோய், வண்டியோடு வந்த கேபிளை 15 ஆம்ப்ஸ் பிளக்கில் சொருகினோம். கேபிள் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறவில்லை. எத்தனை முறை பிடுங்கிச் சொருகினாலும் சிவப்புதான்.

காலையில் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தவுடன் சொல்லிவிட்டார், எர்த் சரியில்லை என்று. ஃப்ரிட்ஜும் மோட்டாரும் எர்த் மோசமாக இருந்தாலும் வாய் திறக்காமல் ஓடும். மின்கார் அப்படியில்லை, கரண்ட் எடுக்கும்முன் எர்த்தைச் சோதித்துப் பார்க்கும், திருப்தி இல்லாவிட்டால் மறுத்துவிடும். "மழை பெஞ்சு எத்தனை மாசம் ஆச்சு, குழி காஞ்சு கெடக்கு" என்றபடி எர்த் குழியில் இரண்டு வாளி உப்புத் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் பச்சை எரிந்தது. எர்த் குழியில் கரியும் உப்பும் போடுவது பழைய வழக்கம். சீமைக் கருவேலங்கரிக்கும் வாலிநோக்கம் உப்புக்கும் பெயர்போன இந்த மாவட்டத்தில் எர்த் இல்லை என்று வண்டி கோபித்துக்கொண்டது எனக்குச் சிரிப்பாக இருந்தது. காக்கா சிரிக்கவில்லை.

அந்த பிளக்கில் மணிக்கு 3 யூனிட் போல ஏறும். பத்து மணி நேரம் போட்டாலும் 110, 120 கி.மீ.க்குத்தான் வரும். த்ரீ ஃபேஸ் இழுத்து 11 கிலோவாட் சார்ஜர் மாட்டினால் அதே பத்து மணி நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும். சரி, எலக்ட்ரீஷியன் போன பிறகு காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஏறியதையும் சேர்த்து 60 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தது. கிளம்பிவிட்டோம். காக்காவும், உம்மா என்று அவர் கூப்பிடும் அவருடைய அம்மாவும், நானும் மின்காரில். பின்னால் பெட்ரோல் வண்டியில் மச்சான்.

ராமநாதபுரத்தில் ஒரு விரைவு சார்ஜரைப் பார்த்து நிறுத்தினோம். சார்ஜ் ஏற்றும் கன் ஒன்று வேலை செய்யவில்லை, இன்னொன்றின் முன்னால் யாரோ டீசல் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைவீதிக்குப் போயிருந்தார். மச்சான் அதற்குள் எதிர் பங்கில் டேங்கை நிரப்பிவிட்டு வந்து எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் வாங்குகிற இடத்தில் இப்படி. காத்திருக்காமல் புறப்பட்டோம்.

உச்சிப்புளி தாண்டி மண்டபம் வரை சாலை நேராக ஓடுகிறது. இந்த இடத்தில் மின்காரைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. பஸ்ஸை முந்த மிதித்தால் கியர் மாறும் யோசனை எதுவும் இல்லாமல் அந்த நொடியே எகிறுகிறது. பெட்ரோல் வண்டியில் பிறகு ஏறி வந்தபோது அதன் ஆறு சிலிண்டர் உறுமல் கேட்கச் சுகம்தான். ஆனால் அந்தச் சுகம் ஓட்டுகிறவருக்கு. முன்சீட்டில் இருந்த உம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மச்சானுக்கு இன்னொரு வாதம் இருந்தது: கரண்டே நிலக்கரியில்தானே வருகிறது? முழுக்கத் தவறில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் அதைச் சொல்வது வேடிக்கை. ராமநாதபுரத்தை அடுத்த வழுதூரில் இயற்கை எரிவாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் வந்தபோது ஒரே இடத்தில் அவ்வளவு பெரியது உலகத்திலேயே இல்லை என்று பேசப்பட்டது. வெயிலை விட்டால் இங்கே வேறு என்ன விளைகிறது, குண்டு மிளகாயைத் தவிர?

பாம்பனில் எப்போதும்போல நெரிசல். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் எல்லாரும் வண்டியை மெதுவாக்கி ரயில் பாலத்தைப் பார்க்கிறார்கள். 1914-இன் பழைய பாலத்தில் கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் தூக்குப் பகுதியைத் திறந்துகொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி மோட்டாரில் செங்குத்தாக மேலே போகிறது. காக்கா இதைச் சுட்டிக்காட்டி, "பாலமே கரண்டுக்கு மாறிடுச்சு மச்சான்" என்றார். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த ஆனி மாதம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலம். பாலத்தின் மேல் பக்கவாட்டில் அறைகிற காற்றில் இரண்டரை டன் மின்கார் அசையவே இல்லை. என் கார் அந்த இடத்தில் ஸ்டியரிங்கைப் பிடுங்கும்.

தனுஷ்கோடி பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் ஊர் போனது, 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. நான் பார்க்க வந்தது மணல். சாலையின் மேலேயே மணல் பரவிக் கிடக்கும். ஓரத்தில் இறக்கி நிறுத்தினால் சக்கரம் புதையும். நான்கு சக்கர டிரைவ் என்ற நம்பிக்கையில் மணலில் இறக்கிவிட்டு, பிறகு தள்ள ஆள் தேடுகிறவர்களை இங்கே வழக்கமாகப் பார்க்கலாம். இந்த விஷயத்தில் இரண்டு வண்டியும் ஒன்றுதான்: எடை அதிகம், டயர் சாலைக்கானது. தாரை விட்டு இறங்காதீர்கள்.

அரிச்சல்முனையில் உம்மாவால் வெயிலில் நடக்க முடியவில்லை. மின்காரின் ஏசியை ஓடவிட்டு அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு நாங்கள் இறங்கினோம். இன்ஜின் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. முக்கால் மணி நேரத்துக்கு ஓரிரண்டு சதவீதம் குறைந்திருந்தது. பெட்ரோல் வண்டியிலும் இதைச் செய்யலாம், இன்ஜினை ஓடவிட வேண்டும், பக்கத்தில் நிற்பவர்கள் முறைப்பார்கள். வயதானவர்களோடு கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிற குடும்பத்துக்கு, குதிரைத்திறனைவிட இது பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் திரும்பும்போது உம்மா பின்சீட்டில் சாய்ந்துகொள்ளப் போய், பத்து நிமிடத்தில் "குத்தவச்ச மாதிரி இருக்கு, முட்டி வலிக்குது" என்றார். அவர் சொன்னது சரி. பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தளம் உயர்ந்துவிடுகிறது. சீட்டுக்கும் தளத்துக்கும் இடைவெளி குறைந்து முழங்கால் மேலே வந்துவிடுகிறது. பெட்ரோல் வண்டியின் பின்சீட்டில் தொடை முழுவதும் பதிந்து உட்காரலாம். உம்மா அதில் மாறிக்கொண்டார். மச்சானுக்கு அன்றைய முதல் வெற்றி.

திரும்பும் வழியில் கச்சான் நேர் எதிரே. போகும்போது காற்று முதுகைத் தள்ள, நிதானமாக ஓட்டி, நூறு கி.மீ.க்கு 20 யூனிட் காட்டியது. வரும்போது 90-இல் வந்தால் 27. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு என்பது எல்லா வண்டிக்கும் பொது. பெட்ரோல் வண்டியும்தான் கூடுதலாகக் குடித்தது. டேங்க் நிறைய இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மின்காரில் மட்டும் எல்லாரும் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

திருப்புல்லாணியில் திரும்பி, சேதுக்கரை கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று போன இடத்தில் மின்கார் டயரில் காற்று இறங்கியது. கருவேல முள். மின்காரில் ஸ்டெப்னி கிடையாது. ஒரு பசை பாட்டிலும் காற்றடிக்கும் சின்னக் கருவியும்தான். பல மின்கார்களில் இப்படித்தான். பெட்ரோல் வண்டியில் ஒல்லியாக ஒரு ஸ்டெப்னியாவது இருந்தது. கருவைக்காட்டு ஊரில் ஸ்டெப்னி இல்லாத வண்டியை எந்த மகராசன் வடிவமைத்தான் என்று தெரியவில்லை. காற்றடித்துக்கொண்டே திருப்புல்லாணி பஞ்சர் கடைக்கு வந்தோம். கடைக்காரர் ஜாக்கியை எடுத்து நேராக வண்டியின் அடிவயிற்றில் வைக்கப் போனார். காக்கா ஓடிப்போய்த் தடுத்தார். அங்கே இருப்பது பேட்டரி; ஜாக்கி வைக்கக் குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் தூக்கக் கூடாது. கடைசியில் தூக்காமலே, சக்கரத்தைத் திருப்பி வைத்து முள்ளைப் பிடுங்கி டியூப்லெஸ் பஞ்சர் போட்டுக் கொடுத்தார்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது பேட்டரி 20 சதவீதத்தை ஒட்டி. சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 50 யூனிட் என்று வைத்தால், வீட்டுக் கட்டணத்தின் உச்சப் படிக்கு யூனிட் 12 ரூபாய் போட்டாலும் 600 ரூபாய். வெளிச் சார்ஜரில் ஆயிரத்தைத் தாண்டும். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு ஒன்பது கி.மீ. கொடுத்தது, 2,100 ரூபாய்க்கு மேல் போனது. கோடி ரூபாய் போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதா என்று கேட்கலாம். காக்கா வியாபாரி, அவருக்குப் பெரிதுதான்.

மறுநாள் காலை இரண்டு வண்டியின் பிரேக் டிஸ்கிலும் துரு. கடலோரத்தில் இது சாதாரணம். பெட்ரோல் வண்டியில் நாலு பிரேக் போட்டதும் தேய்ந்து போய்விடும். மின்காரில் வேகத்தைக் குறைப்பதில் பெரும்பகுதி மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் அதிகம் உரசாது, துரு தங்கிவிடும். அவ்வப்போது வேண்டுமென்றே அழுத்திப் பிரேக் பிடிக்க வேண்டும். பேட்டரி மூடி முத்திரையிட்டது, அதற்குப் பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி இருக்கிறது, உப்பைப் பொறுத்தவரை நான் கவலைப்படுவது பிரேக்கைப் பற்றியும் அடிப்பக்கத்து இரும்பைப் பற்றியும்தான். பெரிய பழுது என்றால் இரண்டுக்கும் மதுரைதான்.

என் கணக்கைக் காக்காவிடம் சொன்னேன். அவர் போவது மதுரை விமான நிலையம், ராமேஸ்வரம், ஏர்வாடி, எப்போதாவது தூத்துக்குடி. இரவில் தோட்டத்தில் சார்ஜ் ஏறும் என்றால் மின்கார் போதும். சென்னைக்கு ஐநூறு கி.மீ.க்கு மேல் மாதாமாதம் ஓட்டுகிறவராக இருந்தால் பெட்ரோல் என்றே சொல்லியிருப்பேன். தோட்டத்தில் சார்ஜ் ஏறாது என்றாலும் பெட்ரோல்தான்.

"தோட்டத்துல பம்ப்செட் லைன் ஃப்ரீயாத்தானே இருக்கு, அதுல போட்டா?" என்று மச்சான் கேட்டார். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் காருக்குச் சார்ஜ் போட்டால் மின்வாரியம் வழக்குப் போடும் என்றேன். காக்கா எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிட்டு, புதிதாக ஒரு எர்த் குழி வெட்டவும் வீட்டு இணைப்பை த்ரீ ஃபேஸாக மாற்ற மனு எழுதவும் சொன்னார். ஷோரூமுக்கு இன்னும் போன் பண்ணவில்லை. உம்மாவின் முட்டிக்காகப் பின்சீட் உயரத்தை வேறு இரண்டு மாடல்களில் அளந்து பார்க்க வேண்டுமாம், அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.