ஐயா சொன்ன சிவப்புக் கட்டடம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்புப் பட்டாலையில் அமர்ந்து ஐயா (தாத்தாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) சொல்லிய சிங்கப்பூரில் மூன்றே இடங்கள் இருந்தன: செட்டியார்கள் தங்கி வட்டித்தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கி, டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில், ஸ்டாம்ஃபோர்டு சாலையின் சிவப்புச் செங்கல் நூலகம். அந்த நூலகம் 1960இல் திறக்கப்பட்டபோது, கடைநிலை வேலையாளான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர், தலைமை ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்திருந்தார். கோவிலுக்குப் போன மாலைகளில் ஃபோர்ட் கேனிங் குன்றைச் சுற்றி நடந்து அங்கே போய்ப் படித்தாராம். "காசு வாங்காம உள்ளே விட்டாக" என்பதை ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்வார்.

திருமணமாகி 2007இல் நான் சிங்கப்பூர் சென்றேன். பகல் முழுவதும் பேச்சுத்துணையில்லாத அடுக்குமாடி வீட்டில் சில வாரங்கள் கழிந்தபின், ஐயா சொன்ன வழியிலேயே அந்த நூலகத்தைத் தேடிப் போனேன். நான் கண்டது ஒரு சுரங்கச் சாலையின் வாய். சாலைக்காக 2004இல் நூலகத்தை மூடி, பின்னர் இடித்துவிட்டார்கள். பலர் எதிர்த்தும் பயனில்லை. வாசலில் இருந்த இரண்டு செங்கல் தூண்கள் மட்டும் நின்றன. பிரித்த வீடுகளின் தேக்குத் தூண்களைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் காட்சி புதியதன்று. ஆயினும் அழுகை வந்தது.

விக்டோரியா ஸ்ட்ரீட்டில் 2005இல் திறக்கப்பட்ட புதிய தேசிய நூலகத்துக்கு அடுத்த வாரம் போனேன். மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைத்த 16 மாடிக் கட்டடம் அது. கண்ணாடி மாளிகை என்று தயங்கி நுழைந்தவள் கீழ்த்தளத்திலேயே நின்றுவிட்டேன். நூல்கள் உள்ள பெரிய பகுதிக்கும் வளைந்த சிறிய பகுதிக்கும் நடுவே ஒரு தெருவைப் போலத் திறந்தவெளி விட்டிருக்கிறார்கள். மேலிருந்து வெளிச்சம் இறங்குகிறது, பக்கங்களிலிருந்து காற்று நுழைகிறது, மேலே இரண்டு பகுதிகளையும் பாலங்கள் இணைக்கின்றன. வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை விடுவதற்குச் சுவர்களில் நீண்ட தகடுகள், இடையிடையே மரம் வளரும் மாடித் தோட்டங்கள். வீட்டின் உட்பகுதியான வளவின் திறந்த முற்றத்தால் வீடு முழுவதற்கும் வெளிச்சமும் காற்றும் தரும் எங்கள் ஊர்க் கொத்தனார்களின் கணக்கும் இதுதானே என்று தோன்றியது. சூடான ஊரில் கட்டத் தெரிந்தவர்களின் வேலை அது.

நிலத்தடித் தளத்தின் பொது நூலகத்தில் தமிழ் நூல்களை இரவல் எடுப்பேன். 7 முதல் 13 வரையுள்ள தளங்களின் லீ கொங் சியான் ஆய்வு நூலகத்தில் உட்கார்ந்து படிப்பேன். அந்தப் பெயரின் கதையை அங்கேதான் அறிந்தேன். 1823இல் ராஃபிள்ஸ் நிறுவிய கல்விக்கூடத்திலிருந்து கிளைத்து, 1845இல் சந்தா செலுத்துவோருக்கான நூலகமாகி, 1874இல் அருங்காட்சியகத்துடன் சேர்ந்து அரசின் கைக்கு வந்த நூலகம் நெடுங்காலம் ஆங்கிலம் படித்தவர்களுக்கே பெரிதும் பயன்பட்டது. ரப்பர் வணிகர் லீ கொங் சியான் 1953இல் அதற்குப் புதிய கட்டடம் கட்ட 3,75,000 வெள்ளி (டாலர்) கொடுக்க முன்வந்தபோது, கட்டணமில்லாத பொது நூலகமாக அது இருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களுக்கும் இடமளிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். நன்கொடை தருபவர் தம் பெயரைக் கேட்பதுண்டு. இவர் பிறருடைய தாய்மொழிகளுக்கு இடம் கேட்டார். கிட்டங்கியில் கணக்கெழுதிய ஐயாவையும் பின்னாளில் என்னையும் அந்த வாசலுக்குள் விட்டது அந்த நிபந்தனைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறு ஆண்டு பொங்கலுக்கு ஊர் வந்தேன். சிவப்புக் கட்டடம் இல்லை என்பதை ஐயாவிடம் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். கேட்டதும் வெகுநேரம் பேசாமல் முகப்புத் தூணைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "புதுசுல தமிழ்ப் புத்தகம் வச்சிருக்காகளா?" என்றார்.

"நிறைய இருக்கு ஐயா."

"காசு கேக்குறாகளா?"

"இல்லை ஐயா, உள்ளே போக, படிக்க, எதுக்கும் கேக்குறதில்லை."

"அப்பச் சரி ஆத்தா" என்று எழுந்து வளவுக்குள் போனார்.