அல்சூரிலிருந்து நடந்து போகிறேன்

கோவில்பட்டியை விட்டு பெங்களூருக்கு வந்து எட்டு மாதமாகிறது. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் வீடு, எம்.ஜி. ரோட்டை ஒட்டி ஆபீஸ். முதல் இரண்டு மாதம் பைக்கில் போனேன். ஒருவழிச் சாலைகளைச் சுற்றி, சிக்னல் சிக்னலாக நின்று, போய்ச் சேருவதற்குள் உடம்பு அசந்துவிடும். இந்த ஊர் ஒத்துவராது என்று அம்மாவிடம் போனில் புலம்பியிருக்கிறேன்.

ஒரு நாள் பைக் பஞ்சர். கூகுள் மேப்பில் நடந்து போகும் ஆள் படத்தை அழுத்திப் பார்த்தேன். 2.3 கிலோமீட்டர், அரை மணி நேரம். பைக்குக்கு அதே இடம் 4 கிலோமீட்டருக்கு மேல். நடப்பவருக்கு ஒருவழி கிடையாது என்பது அன்றுதான் உறைத்தது.

ஆனால் அந்த வழியில் பிளாட்பாரம் எப்படி இருக்கும் என்று மேப் சொல்லவில்லை. சாக்கடையை மூடிய கல் ஒன்று உள்வாங்கிக் கிடந்தது. யாரோ அதில் ஒரு வேப்பங்கிளையைச் செருகி வைத்திருந்தார்கள். சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன். சாயங்காலம் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். மூன்று தலைமுறையாக அல்சூர்க்காரர். "அந்தப் பக்கம் ஏன் போனே தம்பி? எதிர்வரிசையில போ. மரம் இருக்கு, வெயிலே தெரியாது" என்றார்.

இப்படி ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது மேப்பில் ஏற வேண்டும் என்று தோன்றியது. அதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது மேப் இருக்கிறது. 2004இல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியை போனில் போட்டுக்கொண்டால், நிற்கிற தெருவைப் பற்றி அதுவே கேட்கும்: நடைபாதை ஒரு பக்கமா, இரு பக்கமா? தரை தாரா, கல்லா? இரவில் விளக்கு எரிகிறதா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கில் நுழைந்துவிட்டால், பதிலைத் தொட்டால் போதும், அந்த மேப்பில் பதிவாகிவிடும். அதை வைத்து வழி சொல்லும் செயலிகள் பல உண்டு. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் நிரப்பாவிட்டால் அந்த இடங்கள் காலியாகவே கிடக்கும். பிறகு மேப்பை நம்பி யார் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள்?

இப்போது வாரத்தில் நான்கு நாள் நடைதான். பூக்கடைக்காரரிடம் வழி கேட்டால் 'எட', 'பல' என்று கன்னடத்தில் கை காட்டுவார். இடம், வலம்தானே, ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. போன மாதம் ஆபீஸில் சேர்ந்த திருநெல்வேலிப் பெண்ணும் அல்சூரில்தான் தங்கியிருக்கிறாள். இருட்டிய பிறகு எந்தத் தெரு வழியாகத் திரும்பலாம் என்று கேட்டாள். விளக்கு எரியும் தெருக்களாகப் பார்த்து ஒரு வழியைக் குறித்து அனுப்பினேன். இரண்டு தெரு மட்டும் பாக்கி. இன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு நடந்து பார்த்துப் பதிய வேண்டும்.