சேமக்காலைக்கு மெழுகுதிரி: மூன்று முறை செய்து பார்த்தது

நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாள். அன்று பின்னேரம் எங்கள் ஊர்ச் சேமக்காலையில், அதாவது கல்லறைத் தோட்டத்தில், வருடா வருடம் இதே பாடுதான். சுவாமியார் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். நாங்கள் மெழுகுதிரியைக் கொளுத்தி நிமிர்வதற்குள் வாடைக்காற்று அணைத்துவிடும். கையைக் குவித்துத் திரும்பவும் கொளுத்துவோம். அடுத்த நாள் காலையில் போனால் பாதி எரிந்த துண்டுகள் சேற்றில் கிடக்கும். போன வருடம் அம்மம்மாவின் கல்லறையில் மட்டும் ஏழு துண்டு பொறுக்கினேன். மனம் ஆறவில்லை. ஒருவருக்காக ஒரு திரியைக் கொளுத்தினால் அது கடைசிவரை எரிந்து முடிய வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஏழு துண்டையும் பால்மாப் பேணியில் போட்டுக்கொண்டு வந்தேன். பிறகு கோயிலில் மிஞ்சுகிற துண்டுகளையும் கேட்டு வாங்கிச் சேர்த்தேன்.

முதல் முறை செய்தது ஆவணியில், மடு மாதா கோயில் திருவிழா முடிந்து வந்த கையோடு. பேணியைத் தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி வைத்து மெழுகை உருக்கினேன். நேரே அடுப்பில் வைக்கவே கூடாது. மெழுகு அளவுக்கு மீறிச் சூடானால் அதன் ஆவி தீப்பிடிக்கும். அந்த நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறிப் பரவும். அச்சுக்குப் பப்பாசி இலைக் காம்பு. உள்ளே குழல், வெளியே பிளேட்டால் ஒரு கீறு கீறினால் உரிந்து வந்துவிடும். அழகாகத்தான் வந்தது. ஆனால் கொளுத்தினால் ஒரே புகை. பருத்தி நூலை வெறுமனே முறுக்கித் திரியாகப் போட்டிருந்தேன். அது நிமிர்ந்தே நின்று, முனையில் காளான் மாதிரிக் கரி கட்டியது.

கடையில் வாங்கிய மெழுகுதிரி ஒன்றை உடைத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அதில் இருந்தது பின்னிய திரி. பின்னிய திரி எரிய எரிய முனை ஒரு பக்கம் வளைந்து, சுடரின் ஓரத்துக்கு வந்து, தானே எரிந்து சாம்பலாகிறது. அடுத்த முறை தங்கச்சி தலை பின்னுவது போல மூன்று புரி நூலைப் பின்னித் தந்தாள். உப்பும், கரம் பலகைக்குப் போடும் போறிக் பவுடரும் கரைத்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவிட்டு, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். புகை போய்விட்டது. காற்றுக்கு மட்டும் இன்னும் வழியில்லை.

மூன்றாவது முறைக்குத் தேன்மெழுகு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முன்னெல்லாம் பீடத்தில் எரிந்தது தேன்மெழுகுதான். மெழுகு கிறிஸ்துவின் உடல், திரி அவருடைய ஆன்மா, சுடர் அவருடைய இறைத்தன்மை என்பது பழைய விளக்கம். உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள், பெரிய சனி இரவு, பாஸ்கா திரியைக் கொளுத்திப் பாடும் பாஸ்கா புகழுரையிலும் தேனீக்களின் உழைப்பு வருகிறது. அந்தப் பாஸ்கா திரியில்தான் எங்களுடைய ஞானஸ்நானத் திரியைக் கொளுத்துகிறார்கள். அம்மம்மாவின் அடக்கப் பூசையன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றதும் அதே பாஸ்கா திரிதான்.

ஒட்டுசுட்டான் பக்கம் காட்டில் தேன் எடுக்கிற அண்ணை ஒருவர், தேன் பிழிந்த வதை இரண்டு கிலோ தந்தார். தண்ணீரில் கொதிக்கவைத்து, பழைய வேட்டித் துணியில் வடித்து, ஆறவிட்டேன். மேலே ஏடு போல மெழுகு படிந்தது. அடியில் ஒட்டிய ஊத்தையைச் சுரண்டிவிட்டு மறுபடி உருக்கினேன். மூன்று தரம் வடித்த பிறகு முந்நூறு கிராம்கூட இல்லை. மஞ்சள் நிறம், கையில் எடுத்தால் காட்டுப்பூவும் புகையும் கலந்த ஒரு வாசம். தேனீ இதை வெளியிலிருந்து கொண்டுவருவதில்லை. தேனைத் தின்று, தன் வயிற்றின் அடிப்பக்கத்திலிருந்து சின்னச் சின்னச் செதிலாகக் கசியவிடுகிறது. ஒரு கிலோ மெழுகுக்கு ஆறேழு கிலோ தேன் செலவாகும் என்பார்கள். மெழுகுதிரி தன்னை உருக்கி ஒளி தருகிறது என்று பிரசங்கத்தில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அதைக் கொளுத்துவதற்கு முன்பே ஒரு உயிர் தன் உடம்பிலிருந்து கொடுத்துவிட்டது என்று அன்றுதான் நினைத்தேன். ஒரு துளி கீழே சிந்தினாலும் சுரண்டி எடுத்தேன்.

காற்றுக்குச் சிரட்டைதான் கைகொடுத்தது. கண் உள்ள பாதியை எடுத்து, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தேன். சிரட்டை முழுக்க மெழுகு ஊற்றிய முதல் ஒன்று சரிவரவில்லை. சுடர் நடுவில் கிணறு தோண்டிக்கொண்டு கீழே போக, சுற்றிவர மெழுகு அப்படியே நின்றது. மிச்சம் வைக்கக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு பாடும்! அதனால் உள்ளே களிமண்ணை வழித்து, மூன்று விரல் அகலத்துக்கு ஒரு குழி மட்டும் விட்டேன். அடியிலும் ஒரு விரல் தடிப்புக்குக் களிமண் போட்டேன், இல்லையென்றால் முடிகிற நேரம் சிரட்டை பற்றிக்கொள்ளும். தேன்மெழுகு ஒரு பங்கு, பழைய துண்டு மெழுகு இரண்டு பங்கு. தேன்மெழுகு சேர்த்தால் திரி கொஞ்சம் தடிப்பாக வேண்டும், மெல்லிய திரி மூழ்கிவிடும். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே ஊற்றலை நிறுத்தினால் சுடர் உள்ளேயே ஒதுங்கி நிற்கும்.

ஒன்பது சிரட்டை கொண்டுபோனோம். அம்மம்மாவுக்கு இரண்டு, அப்பப்பாவுக்கு இரண்டு, பார்க்க ஆளில்லாத பழைய கல்லறைகளுக்கு நான்கு. ஒன்றை அம்மா வாங்கிக்கொண்டு சேமக்காலை நடுவில் உள்ள பெரிய சிலுவையடிக்குப் போனார். வேறிடத்தில் அடக்கப்பட்டவர்களுக்கும், கல்லறையே இல்லாதவர்களுக்கும் அங்கேதான் கொளுத்துவோம். மாமாவை 2009 இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் விட்டுவிட்டு வந்தோம். அம்மா கொளுத்தியதும் காற்று ஒரு தரம் இழுத்தது. சுடர் சிரட்டைக்குள் படுத்து, திரும்ப எழும்பியது. அம்மா கையைக் குவிக்கவே இல்லை, கும்பிட்டபடி நின்றார்.

அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தேன். இரவு பெய்த மழையில் இரண்டு சிரட்டை நிரம்பிப்போயிருந்தன. அவற்றுக்கு ஓலையால் ஒரு சின்ன மறைப்புக் கட்டியிருக்கலாம். மற்ற ஏழும் எரிந்து முடிந்திருந்தன. சிலுவையடியில் இருந்ததைக் கையில் எடுத்தேன். களிமண் குழியில் நகத்தளவு கரி மட்டும் இருந்தது, முகர்ந்தால் தேன் வாசம்.

பெப்ரவரி 2 இல் ஆண்டவரைக் கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா. அன்று மெழுகுதிரிகளை மந்திரித்து ஆசீர்வதிப்பார்கள். அதற்குப் பப்பாசிக் காம்பில் மெல்லிய திரிகள் ஊற்ற வேண்டும். தேன்மெழுகு எண்பது கிராம் மிச்சம் இருக்கிறது. தங்கச்சி இப்போதே நூல் பின்னத் தொடங்கிவிட்டாள்.